இன்னாரின் தங்கை

விம்கோ நகர்,
8-6-2003

அன்புள்ள மகிழினிக்கு நைனா எழுதுவது.

நலம் என்று நான் எழுதவே வேண்டாம். என் உடம்பு எப்படி இருக்கிறது என்பது காலடிப்பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு அங்கே ஒரு கல்யாண வரவேற்புக்கு மைக்செட் போட்டிருந்தேன். பாட்டு முடிந்து அடுத்த கேசட்டைத் தேடும்போது, சமையல்காரர் மஜீது பாயிடம் என் மூலக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குந்த முடியவில்லை, களிம்பு தடவினால் எரிகிறது, தடவாவிட்டால் அதைவிட எரிகிறது என்று விவரமாக. மைக் ஆனில் இருந்தது. வாசலில் இரண்டு, தெருமுனையில் இரண்டு, ஆக நாலு குழாய் ஸ்பீக்கர். மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் மாலை அறுந்தது. மறுநாளிலிருந்து ரயிலடியில் பார்க்கிறவன் எல்லாம் "இன்னா மைக்செட்டு, குந்தலாமா?" என்று கேட்கிறான். முப்பது வருஷமாக அடுத்தவன் வீட்டு நல்லது கெட்டதை ஊருக்குச் சொன்னவன். இப்போது என் பங்கையும் சொல்லியாகிவிட்டது. உன் நர்ஸ் படிப்பில் இதற்கு மருந்து இருந்தால் எழுது. கார்டில் எழுதாதே, தபால்காரரும் படிப்பார்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. உன் ஸ்நேகிதி ஷிஜி கொடுத்தனுப்பிய நேந்திரம் சிப்ஸ் தீர்ந்துவிட்டது. தீர்த்தவன் பெயர் சொல்ல மாட்டேன்.

கடைக்கு ஒரு புது ஆர்டர் வந்திருக்கிறது. கரையோரப் பெண்கள் சங்கம் என்று இரண்டு பேர் வந்தார்கள். பேசியது கார்குழலி என்கிற பெண், உன் வயசுதான் இருக்கும். ஒரு பொதுக்கூட்டத்துக்கு மைக் வேண்டும் என்றாள். நோட்டில் 'மகளிர் கூட்டம்' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியா எழுதிக்கோங்க சார், அப்பறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. நாங்க பாலியல் தொழில் பண்றவங்க. எங்களப் பத்தி நாங்களே பேசப்போறோம்" என்றாள். எனக்குப் பேனா நின்றுவிட்டது. மைக்குக்கு என்னம்மா ஆட்சேபனை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். தலைவி கெங்கம்மாவாம். கடைக்குள் வராமல் எதிர்ப்பக்கம் வெயிலிலேயே நின்றாள்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் நைனா
அப்பாவு

*

நாகர்கோவில்,
19-6-2003

அன்புள்ள நைனாவுக்கு மகிழினி எழுதிக்கொண்டது.

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். மூலத்துக்கு வெந்நீர் நிரப்பிய டப்பில் பத்து நிமிஷம் உட்காருங்கள். கீரை, வாழைத்தண்டு நிறைய. காசிமேட்டு நண்டை ஒரு மாசம் நிறுத்துங்கள். ஷிஜி உங்கள் கடிதத்தை விடுதி முழுக்க வாசித்துக் காட்டிவிட்டாள், மன்னிக்கவும். இனி நாகர்கோவிலுக்கும் தெரியும்.

இப்போது பெண் நோயாளிகள் வார்டில் பயிற்சி. நிற்கவே நேரம் இல்லை.

நைனா, தலைவியின் பெயர் கெங்கம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பாய்க்குப் போன நம் அத்தை பெயரும் அதுதானே. எனக்கு ஒன்பது வயசு வரை அத்தைதான் இரட்டைப் பின்னல் போடுவாள், நெற்றித்தோல் மேலே ஏறுகிற மாதிரி இழுப்பாள். அந்த வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது. முகம் மட்டும் சரியாக வரவில்லை. வெயிலில் நின்றவள் நம் அத்தையா? ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கள் அன்பு மகள்
மகிழினி

*

விம்கோ நகர்,
6-7-2003

அன்புள்ள மகிழினிக்கு நைனா எழுதுவது.

இங்கே நான், அம்மா, ஆம்ப்ளிஃபையர் மூவரும் சுகம். வெந்நீர் வைத்தியம் வேலை செய்கிறது. 'நீங்கள், தங்கள்' என்று எழுதுகிறாயே, தாசில்தாருக்கு மனுப் போடுகிற மாதிரி. வீட்டில் 'நீ'தானே.

கூட்டக் கதை கேள். மைக் கட்ட போலீஸ் பர்மிஷன் வேண்டும், மனு எழுதுவதும் அலைவதும் மைக்செட்காரன் வேலை. நோக்கம் என்ற இடத்தில் 'பெண்கள் விழிப்புணர்வு' என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷன் ரைட்டர் கையெழுத்துப் போடப் போனவர், என்ன விழிப்புணர்வு என்று சும்மா கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். கூட வந்த கார்குழலி முழுசாகச் சொல்லிவிட்டாள். பேனாவுக்கு மூடி போட்டுவிட்டார். அதிகாரி இல்லை, அப்புறம் வாருங்கள். அப்புறம் போனால் அதிகாரி இருக்கிறார், ரைட்டர் இல்லை. மூன்றாம் தடவை இரண்டு பேரும் இருந்தார்கள், மனு இல்லை. புதுசாக எழுதிக் கொடுத்தால், இந்த மாதிரி கூட்டத்துக்கு ஆம்பளைங்க வந்து கலாட்டா பண்ணுவாங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்கிறார். ஆம்பளைங்க கேட்கத்தான் சார் கூட்டமே என்றாள் அந்தப் பெண். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

மண்டபம் தருகிறேன் என்றவரும் வெள்ளையடிக்கிறோம் என்று கையை விரித்தார். அன்றைக்கே அங்கே ஒரு காதுகுத்து நடந்தது. குழந்தைக்கு வெள்ளையடித்தார்கள் போலிருக்கிறது.

ஆனாலும் கொருக்குப்பேட்டையில் அவர்கள் சங்க அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை நடந்தது. மைக் பிடித்துப் பழகச் சின்ன பாக்ஸ் ஒன்று கொண்டுபோனேன். சாவு சொல்ல ஆட்டோவில் மைக் கட்டிப் போவோமே, இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் தங்கையுமாகிய என்று முதலில் உறவெல்லாம் சொல்லி, பிறகுதான் பெயர் சொல்லுவோம். இவர்களும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் இன்னார் மகள், இன்னார் அக்கா, இன்னார் அம்மா என்று முறையாகச் சொல்லி, பிறகு பெயர், பிறகு தொழில். அப்புறம்தான் பேச்சு. கேட்கிறவன் எங்களை வானத்திலிருந்து விழுந்தவர்கள் என்று நினைக்கக் கூடாது, ஒரு வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று தெரியணும், அதற்காக என்று கார்குழலி சொன்னாள்.

தலைவி அன்றைக்குப் பேசவில்லை. மற்றவர்களுக்குத் திருத்தம் சொன்னாள்.

மழை இல்லை, தண்ணீர் லாரி வாரம் இரண்டு நடைதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

நைனா

*

நாகர்கோவில்,
15-7-2003

நைனா,

நான் நலம். நீ நலமா?

நான் ஒரு வரி கேட்டிருந்தேன். நீ இரண்டு பக்கம் எழுதி அந்த ஒரு வரியை விட்டுவிட்டாய்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். வார்டில் போன மாசம் ஒரு அம்மாவைச் சேர்த்தார்கள். கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி. என்ன நோய், என்ன தொழில், எல்லாம். கட்டிலை பாத்ரூம் பக்கத்து வராந்தாவுக்குத் தள்ளினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு வா என்றார் சீனியர் சிஸ்டர். வைத்துவிட்டு வந்தேன் நைனா. தட்டு வைத்தால் எப்படிப் பரவாது, தொட்டால் எப்படிப் பரவாது என்று போன வாரம்தான் பரீட்சை எழுதியிருந்தேன். நல்ல மார்க்.

அந்த அம்மா எட்டித் தட்டை எடுக்கும்போது என்னைப் பார்த்து, "ஜடை நல்லா இருக்கு மக்களே" என்றாள்.

ஒரு வரி.

மகிழினி

*

விம்கோ நகர்,
3-8-2003

மகிழினிக்கு,

ஆடி மாசம் என்பதால் தாமதம் என்று எழுத நினைத்தேன். பொய். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவள்தான்.

பம்பாய் நான் கட்டிய கதை. பன்னிரண்டு வருஷமாக அவள் இருப்பது கொருக்குப்பேட்டை, இங்கேயிருந்து நாலு ஸ்டேஷன். புருஷன் விசைப்படகில் போனவன் வேறு ஊரில் குடும்பம் வைத்துக்கொண்டான், அது உனக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாள் ராயபுரத்தில் லாரி நிற்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "அண்ணா" என்று கூப்பிட்டாள். நான் காது கேட்காதவன் மாதிரி ரயிலேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, கெங்கா பம்பாய் போய்விட்டாள் என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில். சொல்லிச் சொல்லி ரயில் நம்பர் கூட வைத்திருந்தேன். அம்மாவுக்கு மட்டும் முதல் நாளே தெரியும். அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தூக்குவாளி எங்கேயோ போய்க் காலியாக வரும். எனக்குத் தெரியாது என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டோம்.

அந்த உறவு சொல்லும் முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் கெங்காதான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்கிறாய்? நான் வாடகை சைக்கிளில் பாட்டரி கட்டிக்கொண்டு சாவு சொல்லிப் போனபோது பின்னால் உட்கார்ந்து ஒயர் பிடித்தவள் அவள். பன்னிரண்டு வயசு. நான் உறவில் ஒன்றை விட்டுவிட்டால் முதுகில் குத்துவாள்.

இன்னொரு அசிங்கமும் எழுதிவிடுகிறேன். தெருக் கோயில் கூழ் வார்க்கிற விழாவுக்கு வருஷா வருஷம் என் செட்தான். விழாக் கமிட்டித் தலைவர் உச்சிமாகாளி அண்ணாச்சி, மளிகைக் கடைக்காரர், உனக்குத் தெரியுமே, தங்கமான மனுஷன். கடைக்கு வந்து வெகு மரியாதையாக, "தப்பா நெனைக்காதீங்க அண்ணே. அம்மனுக்குப் போடுத மைக்கு வேற, அந்தப் பொம்பளைக பேசுத மைக்கு வேறதானே?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வேறதான் அண்ணாச்சி" என்றேன். என்னிடம் நல்ல மைக் ஒன்றே ஒன்று. மேலே போடுகிற ஸ்பாஞ்ச் தொப்பியை இரண்டாக வாங்கினேன். அம்மனுக்குச் சிவப்பு, அவர்களுக்குக் கறுப்பு.

போன வாரம் ஒத்திகையில் கெங்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாத்தினியா. நல்லா கீது" என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

போலீஸ் பர்மிஷன் இன்னும் வரவில்லை. நீ அவளுக்கு எழுத வேண்டுமென்றால் கடை விலாசத்துக்கு எழுது, பிரிக்காமல் கொடுத்துவிடுகிறேன்.

நைனா

*

கொருக்குப்பேட்டை,
17-8-2003

கண்ணு மகிழு, அத்தை எழுதறேன். நல்லா கீறியா? இங்க எல்லாம் நல்லா கீறோம்.

உன் லெட்டர உங்க நைனா பிரிக்காமதான் கொண்டாந்து குட்த்தாரு. குட்த்துட்டு மூஞ்சப் பாக்காம ஒயர சுத்திகினே இருந்தாரு. அந்த ஒயரு ஏற்கனவே சுத்தித்தான் இருந்துச்சு.

நீ ஏன் அத்தை இதுக்கு வந்தன்னு கேக்கல. அதுக்கே உனுக்கு ஒரு முத்தம். எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்கறாங்கோ. ஃபிட்டராண்ட போயி, ஏன்யா ஃபிட்டரானேன்னு எவனாச்சும் கேக்கறானா? கஷ்டத்த சொன்னா அழுவாங்கோ. அழுதுட்டு வூட்டுக்குப் போயி அதே கதவ சாத்துவாங்கோ. அழுவ வேணாம். ஆஸ்பத்திரி சீட்டுல செவப்பு மையில எழுதாத. இஸ்கூல்ல சேக்க வந்த புள்ளய அப்பன் பேரு கேட்டு வெளில நிக்க வைக்காத. நோவு வராம இருக்கத்தான் பையில உறை வச்சிகினு கீறோம், அதயே சாட்சின்னு எடுத்து கேஸு போடாத. அவ்ளோதான் நாங்க கேக்கறது. இத சொல்றதுக்கு ஒரு மைக்கு, ரெண்டு மணி நேரம். அதுக்கு மூணு மாசமா நாய் பொயப்பு.

போன வருசம் எங்க கூட இருந்த அம்மு செத்துச்சு. சாவு சொல்ல எந்த ஆட்டோவும் வரல. இன்னா உறவுன்னு சொல்றது, இன்னா சொல்லி கூப்டறதுன்னு கேட்டாங்கோ. அவுளுக்கு அம்மா கீது, ரெண்டு தம்பி கீறானுங்கோ. ஒருத்தன் பேர கூட சொல்லக் கூடாதுன்ட்டாங்கோ. எட்டு பேரு கொண்டும்போய் பொதச்சோம். அன்னிக்குதான் நெனச்சேன், செத்தப்பறம் எவனோ சொல்லணும்னு காத்துகினு இருக்கறதவிட, உசுரோட கீறப்பவே நம்ம உறவ நாமே மைக்குல சொல்லிக்கலாம்னு.

எல்லாரும் அவங்கவங்க வூட்ல கேட்டுட்டுதான் சொல்றாங்கோ. ஒத்துக்கலன்னா அந்தப் பேர விட்டுட்றோம். யாரையும் மாட்டி வுடக் கூடாது, அது சங்கத்துல பேசி வச்சது. என் முறைக்கு நானும் உங்க நைனாவ கேக்கணும். இன்னும் கேக்கல. கேக்க பேஜாரா கீது.

அவர திட்டாத கண்ணு. ஜடைய இப்போ நீயே போட்டுக்கறியா?

அத்தை

*

நாகர்கோவில்,
30-8-2003

அன்புள்ள நைனா,

நான் நலம். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

அத்தை எழுதியிருந்தாள். எழுத்து கோணல்மாணல், ஆனால் பேசுகிற மாதிரியே இருந்தது. ஷிஜியிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. அப்புறம் கொடுத்தேன்.

மறுநாள் நானும் ஷிஜியும் தட்டை உள்ளே கொண்டுபோய், அந்த அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஷீட்டுக்கு வேறு அட்டை போட்டு மூடினேன். யாருடைய அனுமதியில் என்று சீனியர் சிஸ்டர் கேட்டார். அனுமதி இல்லைதான். இருவரையும் ஒரு வாரம் துணி எண்ணுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அட்டையையும் கிழித்துவிட்டார்கள். அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. இதில் நான் ஜெயித்ததாக ஒன்றும் இல்லை நைனா, சும்மா எழுதுகிறேன்.

அத்தை உன்னிடம் ஒன்று கேட்பாள். கேட்டாளா?

மகிழினி

*

விம்கோ நகர்,
21-9-2003

அன்புள்ள மகிழினிக்கு,

நாங்கள் சுகம். நீ செய்ததைப் படித்ததும் அம்மா அழுதாள். நான் அழவில்லை, மூக்குச் சிந்தினேன், அவ்வளவுதான்.

பர்மிஷன் கிடைத்துவிட்டது. எப்படி என்கிறாய்? ஆறாவது தடவை போனபோது புது அதிகாரி வந்திருந்தார். பழைய மனு நாலையும் ரைட்டரே எடுத்துக் கொடுத்தார், எல்லாம் மேஜைக்குள்தான் இருந்திருக்கிறது. நிபந்தனைகளோடு சரி என்றார். குழாய் ஸ்பீக்கர் கூடாது, பாக்ஸ் இரண்டுதான். மாலை ஐந்திலிருந்து ஏழு. மேடை கூடாது. 'ஆபாசம்' பேசக் கூடாது. ஆபாசம் என்றால் எது என்று கார்குழலி கேட்டாள். நீங்கள் பேசுவதுதான் என்றார் பக்கத்தில் நின்ற ஏட்டு. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டை உதைத்தாள். அவள் கால்தான் வீங்கியது.

இடம் கொருக்குப்பேட்டையில் கிடைக்கவில்லை. இங்கே விம்கோ நகர் ரயிலடிக்குப் பக்கத்துத் திடல்தான் கிடைத்தது. ஆமாம், நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அக்டோபர் ஐந்து, ஞாயிறு. ஒட்டிய போஸ்டரில் பாதியைக் கிழித்தார்கள், மீதியில் மீசை வரைந்தார்கள்.

கெங்கா கடைக்கு வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்தாள். கேட்பாள் என்று நீ எழுதியதைக் கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். அவளும் சரி என்றுவிட்டாள். டீ குடித்துவிட்டுப் போனாள்.

தசரா லீவுக்கு வருவாயா?

நைனா

*

நாகர்கோவில்,
27-9-2003

நைனா,

நலம். லீவு கிடையாது.

'ஏதோ' என்றால் என்ன? என் கல்யாணத்தைக் காரணம் காட்டினாயா? காட்டியிருந்தால், அதை நான் உன்னிடம் கேட்டு வாங்கவில்லை. எனக்காக என்று சொல்லி அத்தையை இன்னொரு தடவை பம்பாய்க்கு அனுப்பாதே.

ஐந்தாம் தேதி அத்தை முறை வரும்போது யார் யார் பெயரைச் சொன்னாள் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மகிழினி

*

விம்கோ நகர்,
12-10-2003

மகிழினிக்கு நைனா எழுதுவது.

மூலம் தேவலை. அம்மா நலம், ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை. சோறு வைக்கிறாள்.

நீ வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். ஆனால் நான் எழுதித்தான் அங்கே வந்து சேர வேண்டும், பொறுத்துக்கொள்.

நீ நினைத்தது சரி. அன்றைக்குக் கடையில் அவள், "என் முறையில உன் பேர சொல்லிக்கட்டாண்ணா?" என்று கேட்டாள். "மகிழுவுக்கு நாளைக்கு ஒரு இடம் பாக்கணும் கெங்கா" என்றேன். உன்னைத் தூக்கி முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன். "ஆமா, அதுவும் சரிதான்" என்றாள். அவ்வளவுதான் அந்த 'ஏதோ'.

கூட்டத்துக்கு இருநூறு பேர் இருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. உச்சிமாகாளி அண்ணாச்சி கடை ஸ்டூலைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். ரயிலடியில் ஆட்டோ போடுகிற ஆசீர்வாதம், அவன் கூட்டாளிகள், விசில் அடிக்கத் தயாராக நின்றார்கள். உன் அம்மா ஒரு குடம் தண்ணீரோடு வந்து முன் வரிசையில் தரையில் உட்கார்ந்தாள்.

கார்குழலி முதலில் பேசினாள். இன்னார் மகள், இன்னாரின் அக்கா என்று முறையாக. விசில் வந்தது. "எங்ககிட்ட வந்தவங்க கையத் தூக்குங்கன்னு நான் கேக்க மாட்டேன், பயப்படாம குந்துங்க" என்றாள். விசில் நின்றுவிட்டது. கூட்டத்தில் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் நாலு பேர் பேசினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடம், போலீஸ், எல்லாம். ஒருத்தி தன் மகன் பெயரைச் சொன்னபோது, பின்னாலிருந்து அந்தப் பையன் "இங்கதாம்மா கீறேன்" என்று கத்தினான். காலேஜ் பையன். எனக்கு அங்கேயே வியர்த்தது.

கடைசியாக கெங்கா. மைக் முன்னால் வந்தாள். அந்தக் கறுப்புத் தொப்பியை உருவி, இரண்டடி வந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். வெறும் மைக்கில் பேசினாள். "என் பேரு கெங்கம்மா. கொருக்குப்பேட்ட." அதோடு நின்றாள். மற்றவர்களெல்லாம் உறவு சொல்லிப் பெயர் சொன்னார்கள், இவள் வெறும் பெயர்.

ஆசீர்வாதம் விடவில்லை. "மத்தவங்கள்லாம் உறவு சொன்னாங்களே, உனுக்கு அண்ணன் தம்பி எவனும் இல்லியா?" என்றான். சிரிப்பு.

மைக்கில் சத்தம் நின்றுவிட்டால் மைக்செட்காரன் கை தானாக எழும். ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் அறிவிப்புக்கு வைத்திருக்கும் பழைய மைக் என் கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "ஹலோ" என்றேன். இரண்டு பாக்ஸிலும் என் குரல். கூட்டம் முழுக்கத் திரும்பியது. அண்ணாச்சி திரும்பினார். உன் அம்மா திரும்பவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெங்கா பார்த்தாள். சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் எதை விட்டுவிடப் போகிறேன் என்று காத்திருப்பாளே, அந்தப் பார்வை.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ" என்றேன்.

"இன்னா மைக்செட்டு, குந்தலாமா?" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத்தான் சிரிக்க வருமே.

கெங்கா சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். பிறகு, "அண்ணன் கீறாரு. நல்லா கீறாரு. அவரு சொல்லணும்னு தோணறப்போ சொல்வாரு" என்று சொல்லிவிட்டு, அம்முவின் சாவிலிருந்து பேச ஆரம்பித்தாள். அரை மணி நேரம். ஒருத்தனும் நகரவில்லை. ஏழு மணிக்கு ஏட்டு வந்து கடிகாரத்தைக் காட்டினார், நான் நிறுத்தினேன். அதில் நான் தவறியதே இல்லை.

எல்லாரும் போன பிறகு அண்ணாச்சி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டே, "அந்தக் கடைசிப் பொம்பள நல்லாப் பேசுனா. யாரு வீட்டுப் பிள்ளையோ" என்றார். நான் ஒயர் சுத்திக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. காலடிப்பேட்டையில் மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது, எல்லாம் சொல்லிவிட்டேன். இங்கே திடலில் ஆனில் இருந்தது தெரியும். சிவப்பு விளக்கு என் கட்டைவிரலுக்கு மேலேயே எரிந்தது. உறவு வரிசை முழுக்க நாக்கில் இருந்தது, ஒன்றைக் கூட விடாமல். முதுகில் குத்து வாங்காத அளவுக்குச் சரியாக இருந்தது. சொல்லாமல் விட்டதை உனக்கு எழுதிவிடுகிறேன்:

'பெரியோர்களே, தாய்மார்களே. இப்போது பேசுகிறவர், காலஞ்சென்ற ஏழுமலையின் மகளும், முத்தம்மாவின் நாத்தனாரும், மகிழினியின் அத்தையும், மைக்செட் அப்பாவுவின் தங்கையுமாகிய கெங்கம்மா.'